களிக்குழம்பு: குயவர் முற்றத்திலும் பீங்கான் ஆலையிலும்

பெங்களூர் நகரின் தண்டுப் பகுதியில், பென்சன் டவுனை அடுத்து, பாட்டரி டவுன் என்னும் குடியிருப்பு உள்ளது. பெயருக்கேற்ப அது குயவர்களின் இடம். அகல் விளக்கு, பூந்தொட்டி, உண்டியல், விநாயக சதுர்த்திக்குரிய திருவுருவம் ஆகியவை அங்குள்ள முற்றங்களில் தலைமுறை தலைமுறையாக உருவாகி வருகின்றன. அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர் தொலைவில், மல்லேசுவரத்தில், இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அருகே, மைசூர் சமஸ்தான அரசினர் 1930-களில் ஒரு பீங்கான் தொழிற்சாலையை நிறுவினர். பிற்காலத்தில் அது பாரத் மிகுமின் நிறுவனத்தின் மின்பீங்கான் பிரிவாயிற்று. முற்றத்தில் சுழல்வது கையால் உந்தப்படும் திரிகை. ஆலையில் சுழல்வது மின்சாரத்தால் ஓடும் எந்திரம். விளையும் பொருள்களோ முற்றிலும் வேறானவை.

ஆயினும் இரண்டு இடங்களுக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. குயவரின் திரிகைக்கு அருகில், விளிம்பு உடைந்த ஒரு பானையில், பாயசம் போன்ற பதத்தில் மண் கரைசல் இருக்கும். கைப்பிடியை ஒட்டுவதும் அதனாலே. பானையின் மேனியில் செம்மை ஏற்றுவதும் அதனாலே. பீங்கான் ஆலையில் அதே போன்ற கரைசல் பெருந்தொட்டிகளில் இடைவிடாது கலக்கப்பட்டுக்கொண்டிருக்கும். நீரில் நுண்ணிய களிமண் துகள்கள் மிதக்கும் இக்கலவையைக் களிக்குழம்பு எனலாம்.

காண்பதற்கு எளிய பொருளாயினும், இதில் நேரும் பிழை தாமதமாகவே வெளிப்படுகிறது. குழம்பின் குறைபாடு பூசும்போது தெரிவதில்லை; சூளையைத் திறக்கும்போது தெரிகிறது. பூச்சு செதில் செதிலாக உரிந்திருக்கும். கைப்பிடி கழன்று விழுந்திருக்கும். ஒரு வார உழைப்பும் ஒரு சூளை விறகும் அத்துடன் வீணாகின்றன. சுடாத மண்ணை மீண்டும் ஊறவைத்துப் பிசைந்துகொள்ளலாம். ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் கண்ட மண்ணோ தன்னுள் ரசாயன முறையில் கட்டுண்டிருந்த நீரை இழந்துவிடுகிறது. அது மறுபடி களிமண் ஆகாது. ஆகவே குழம்பின் இயல்பை முன்கூட்டியே அறிவது, குயவரைப் பொறுத்தவரை, பிழைப்போடு தொடர்புடைய அறிவாகும்.

மண் துகளின் வடிவம்

களிமண்ணின் தலையாய கூறாகிய கயோலின், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன், ஹைட்ரஜன் ஆகிய தனிமங்களால் ஆன கனிமம். அதன் துகள்கள் மணலைப் போல உருண்டையானவை அல்ல. ஆறு பக்கங்கள் கொண்ட மெல்லிய தகடுகள். பல தகடுகளின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 1 மைக்ரான் அளவே இருக்கும். பருமன் அதனினும் மிகக் குறைவு. எலெக்ட்ரான் நுண்பெருக்கியில் நோக்கினால், சீட்டுக்கட்டு ஒன்றைத் தரையில் இறைத்தது போன்ற தோற்றம் புலப்படும்.

இத்தகடுகளின் இரு பரப்புகளும் எதிர் மின்னேற்றம் உடையவை. விளிம்புகளோ, நீரில் சிறிதளவு அமிலத் தன்மை இருக்கும்போது, நேர் மின்னேற்றம் பெறுகின்றன. வேறினமான மின்னேற்றங்கள் ஒன்றையொன்று கவரும் ஆதலின், ஒரு தகட்டின் விளிம்பு மற்றொரு தகட்டின் பரப்பில் சென்று ஒட்டிக்கொள்கிறது. இவ்வாறு தகடுகள் சேர்ந்து, குழந்தைகள் சீட்டுகளை நிறுத்திக் கட்டும் வீடு போன்றதோர் அமைப்பு நீருக்குள் உருவாகிறது. அவ்வீட்டின் அறைகளில் நீர் சிறைப்பட்டுவிடுகிறது. வெறும் நீரில் மண்ணைக் கரைக்கும்போது, எவ்வளவு நீர் ஊற்றினாலும் குழம்பு கெட்டியாகவே நிற்பதன் காரணம் இதுவே. ஊற்றிய நீரில் பெரும்பகுதி துகள்களை நழுவவிடும் வேலையைச் செய்யாமல், அறைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

நீர் மிகுந்தால் என்ன என்று கேட்கலாம். ஊற்றிய நீர் முழுவதும் உலரும்போது வெளியேறியாக வேண்டும். அது விட்டுச் சென்ற இடத்தை நிரப்பத் துகள்கள் நெருங்குகின்றன, பொருள் சுருங்குகிறது. சுருக்கம் மிகுந்தால் வெடிப்பு நேர்கிறது. எனவே குழம்பு நன்றாகப் பாயவும் வேண்டும். நீர் குறைவாகவும் இருக்க வேண்டும். ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றும் இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றுவதே குழம்புத் தொழிலின் மையப் பிரச்சினை.

நீரைக் கூட்டாமல் இளக்குதல்

இதற்குரிய தீர்வு மிகச் சிறிதளவு காரப் பொருளில் அடங்கியுள்ளது. நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிகேட்டும், சலவைச் சோடா எனப்படும் சோடியம் கார்பனேட்டும் இவ்வகையில் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றைச் சேர்த்தவுடன் நீர் காரத் தன்மை பெறுகிறது. தகடுகளின் விளிம்புகளில் இருந்த நேர் மின்னேற்றம் மறைகிறது. சிலிகேட் அயனிகள் அவ்விளிம்புகளில் படிந்து அவற்றையும் எதிர் மின்னேற்றம் உடையனவாக்குகின்றன. துகள்களைப் பிணைத்து வைத்திருந்த கால்சியம் அயனிகளின் இடத்தைச் சோடியம் அயனிகள் பற்றிக்கொள்கின்றன. இப்போது எல்லாத் தகடுகளும் எல்லாப் பக்கங்களிலும் ஒரே இன மின்னேற்றம் கொண்டுள்ளன, ஒன்றையொன்று விலக்குகின்றன. சீட்டு வீடு சரிகிறது. சிறைப்பட்டிருந்த நீர் விடுதலை பெற்றுக் குழம்பு இளகிப் பாய்கிறது.

பீங்கான் வார்ப்புக் குழம்பில் 100 பங்கு உலர்ந்த மண் கலவைக்கு 40 முதல் 45 பங்கு நீரும், சற்றேறக்குறைய 0.3 முதல் 0.5 பங்கு வரை காரப் பொருளும் போதுமானவை. காரப் பொருள் சேராவிடின், அதே அளவு இளக்கம் பெறுவதற்கு நீரை ஒன்றரை மடங்கு அல்லது அதற்கு மேலும் கூட்ட நேரிடும். ஆனால் மிகையும் தீங்கே. குறிப்பிட்ட அளவைக் கடந்து காரப் பொருளைச் சேர்த்தால் குழம்பு மறுபடியும் கெட்டியாகத் தொடங்குகிறது. அந்த அளவு மண்ணுக்கு மண் வேறுபடும். ஆகையால் ஒரு மண்ணுக்குரிய அளவை மற்றொன்றுக்கு அப்படியே எடுத்தாளலாகாது. சிறு அளவில் சோதித்தே அறிய வேண்டும்.

இதனை மறுபுறமாகத் திருப்பவும் இயலும். வினிகர் எனும் புளிக்காடி, எப்சம் உப்பு எனப்படும் மக்னீசியம் சல்பேட், கால்சியம் குளோரைடு ஆகியவை துகள்களை மீண்டும் திரளச் செய்யும். பூச்சுக் குழம்பு பானையின் மேனியில் வழிந்தோடாமல் நிற்க வேண்டியபோது, தொழிலறிந்தோர் அதில் சில துளி காடி சேர்ப்பதுண்டு. இளக்குவதும் இறுக்குவதும் துகள்களின் மின்னேற்றத்தை மாற்றும் ஒரே கலையின் இரு பக்கங்கள்.

அச்சில் வார்க்கும் முறை

இவ்வாறு இளக்கிய குழம்பைப் பாரிஸ் சாந்தினால் செய்த அச்சில் ஊற்றிப் பொருள் செய்வதே வார்ப்பு முறை. ஜிப்சம் எனும் கனிமத்தைச் சுமார் 150 டிகிரி சென்டிகிரேடு வரை வாட்டி, அதன் நீரில் பெரும்பகுதியைப் போக்கினால் பாரிஸ் சாந்து கிடைக்கும். அதில் நீர் சேர்ந்ததும் அது இறுகி, எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட திண்மையான பொருளாகிறது. அந்த அச்சினுள் குழம்பை ஊற்றியவுடன் நுண்துளைகள் நீரை உறிஞ்சுகின்றன. அச்சின் உட்சுவரில் களிமண் ஏடாகப் படிகிறது. தேவையான பருமன் படிந்ததும் எஞ்சிய குழம்பை வெளியே கவிழ்த்துவிடுவர். சிறிது நேரத்தில் ஏடு உலர்ந்து சுருங்கி, அச்சிலிருந்து தானே விலகி நிற்கும்.

ஏடு படியும் வேகம் எப்போதும் ஒரே அளவில் இராது. முதலில் படிந்த மண்ணே, அடுத்து வரும் நீர் கடந்து செல்லவேண்டிய தடையாகிவிடுகிறது. அதனால் பருமன், காலத்தின் வர்க்க மூலத்திற்கு நேர்விகிதத்தில் வளர்கிறது. 10 நிமிடத்தில் 3 மில்லிமீட்டர் பருமன் படிந்தால், 6 மில்லிமீட்டர் படிய 20 நிமிடம் போதாது. 40 நிமிடம் வேண்டும். இக்கணக்கை அறியாதோர் அச்சில் ஏதோ குறை என்று எண்ணி மயங்குவதுண்டு.

அச்சும் நாளடைவில் தேயும். சோடியம் சிலிகேட் பாரிஸ் சாந்தோடு வினை புரிந்து, அதன் பரப்பை அரிக்கிறது; சோடியம் சல்பேட் உப்பு வெண்பொடியாக அச்சின் மேல் பூக்கிறது. அச்சை வெயிலிலோ இளஞ்சூட்டிலோ உலர்த்த வேண்டும். 50 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் நெடுநேரம் வைத்தால், அச்சு தன் நீரை இழந்து பொடியத் தொடங்கும்.

பெங்களூரின் திருவுருவத் தொழிலுக்கும் வார்ப்பு முறை பொருத்தமானது. பாரிஸ் சாந்தினால் திருவுருவங்கள் செய்து ஏரிகளில் கரைப்பதனால் நேரும் கேட்டை முன்னிட்டு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-ஆம் ஆண்டு வெளியிட்ட திருத்திய வழிகாட்டு நெறிகள் அத்தகைய உருவங்களை விலக்கின. வார்ப்பு முறையில் பாரிஸ் சாந்து அச்சாகப் பட்டறையிலேயே தங்கிவிடுகிறது. நீரில் இறங்குவது களிமண் மட்டுமே. உள்ளே வெற்றிடமாக அமைவதால் உருவம் எடை குறைந்தும், விரைவில் உலர்வதாகவும் இருக்கும். சுடாத களிமண்ணாதலின் அது நீரில் எளிதில் கரையும்.

எடையால் குழம்பை அறிதல்

குயவர் குழம்பில் விரலைத் தோய்த்து எடுத்து, அது வழியும் விதத்தைக் கொண்டு பதம் அறிவார். நெடுநாள் பழகிய கை தவறுவது அரிது. ஆனால் மேலே கூறியபடி, ஒரே இளக்கத்தைக் குறைந்த நீரினாலும் பெறலாம், மிகுந்த நீரினாலும் பெறலாம். விரலுக்கு இரண்டும் ஒன்று போலவே தோன்றும். அவற்றிடையே உள்ள வேறுபாட்டைத் தராசு காட்டிவிடும்.

பிரான்சு நாட்டின் செவ்ர் பீங்கான் ஆலையை 1800 முதல் 1847 வரை நடத்திய அலெக்சாந்தர் பிராஞ்ஞியார் என்னும் அறிஞரின் பெயரால் ஒரு விதி வழங்குகிறது. ஒரு லிட்டர் குழம்பை எடை போட்டு, கிராமில் கிடைக்கும் அவ்வெடையிலிருந்து 1000-ஐக் கழிக்க வேண்டும், மீதியை 1.625-ஆல் பெருக்கினால், அந்த லிட்டரில் உள்ள உலர்ந்த மண்ணின் எடை கிடைக்கும். களிமண்ணின் ஒப்படர்த்தி 2.6 என்று கொண்டு பெறப்பட்ட எண் இது.

எடுத்துக்காட்டாக, ஒரு லிட்டர் குழம்பின் எடை 1750 கிராம் என்க. 1000-ஐக் கழித்தால் 750. இதனை 1.625-ஆல் பெருக்கினால் சுமார் 1219 கிராம். ஆகவே அக்குழம்பில் 1219 கிராம் மண்ணும் 531 கிராம் நீரும் உள்ளன; 100 பங்கு மண்ணுக்கு ஏறக்குறைய 44 பங்கு நீர். இது வார்ப்புக்கு உகந்த அளவு. மாறாக எடை 1400 கிராமே இருப்பின், மண் 650 கிராம், நீர் 750 கிராம் ஆகிறது. நீர் மண்ணை விஞ்சிய இக்குழம்பை வார்த்தால் பொருள் பெரிதும் சுருங்கி வெடிக்கும். ஒரு லிட்டர் படியும் ஒரு தராசும் இருந்தால், எந்தப் பட்டறையிலும் இச்சோதனையைச் சில நிமிடங்களில் செய்து முடிக்கலாம்.

மின்காப்பியும் குழம்பும்

1902-ஆம் ஆண்டு காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 148 கிலோமீட்டர் தொலைவு கடந்து கோலார் தங்கச் சுரங்கங்களை அடைந்தது. 1905-இல் பெங்களூர் வீதிகளில் மின்விளக்குகள் எரிந்தன. மின்சாரம் பரவிய இடமெல்லாம், கம்பியைத் தாங்கவும் மின்சாரம் கம்பத்தின் வழியே தரைக்கு இறங்காமல் தடுக்கவும் பீங்கான் மின்காப்பிகள் தேவைப்பட்டன. மைசூர்ச் சமஸ்தானத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியதற்கு இத்தகைய தேவை உரமாயிற்று.

மின்காப்பிகள் பெரும்பாலும் அச்சில் வார்க்கப்படுவன அல்ல. ஆயினும் அவற்றின் மண்ணும் முதலில் குழம்பு நிலையைக் கடந்தே வருகிறது. கயோலின் இரண்டு பங்கு, பெல்ஸ்பார் ஒரு பங்கு, குவார்ட்ஸ் ஒரு பங்கு என்னும் கலவை பீங்கானுக்குப் பொதுவாகக் கூறப்படுவது. கடினமான கற்களை, கூழாங்கற்கள் இட்டுச் சுழலும் உருளைகளில் நீருடன் சேர்த்து அரைக்கின்றனர். பிறகு குழம்பை நுண்ணிய சல்லடைகளில் வடித்து, காந்தங்களின் ஊடே ஓட விடுகின்றனர். இரும்புத் துகள் ஒன்று தங்கினாலும் அது சூளையில் கரும்புள்ளியாகும்; அவ்விடத்தில் மின்காப்புத் திறனும் குன்றும். உலர்ந்த பொடியிலிருந்து இரும்பை முழுவதும் பிரிப்பது கடினம். பாயும் குழம்பிலிருந்து அதனைக் காந்தம் எளிதில் கவர்ந்துகொள்கிறது. கலவை எல்லா இடத்திலும் ஒரே சீராக அமைவதும் குழம்பு நிலையிலேதான்.

பின்னர் குழம்பைத் துணி வடிகட்டிகளில் அழுத்தி நீரைப் பிழிந்து, மண் அடைகளாக எடுக்கின்றனர். காற்று நீக்கிய அறையினுள் அம்மண்ணைப் பிசைந்து உருளையாகத் தள்ளி, கடைந்து வடிவாக்கி, உலர்த்தி, கண்ணாடி மெருகுக்குரிய மற்றொரு குழம்பில் தோய்த்து, 1200 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் சுடுகின்றனர். உள்ளே காற்றுக் குமிழி ஒன்று நின்றுவிட்டால், உயர் மின்னழுத்தத்தில் அவ்விடத்தில் மின்பொறி தோன்றி நாளடைவில் மின்காப்பி துளைபடும். குக்கிராமத்துக் கைப்பிடி கழல்வதும் நகரத்தின் விளக்குகள் அணைவதும் ஒரே வகைக் கவனக்குறைவின் விளைவுகளாக இருக்கக்கூடும்.

பண்டையோர் பூச்சு

அலங்காரப் பூச்சாகக் குழம்பைப் பயன்படுத்தும் வழக்கம் தென்னாட்டில் மிகப் பழமையானது. கர்நாடகத்தின் சித்திரதுர்க்க மாவட்டத்தில் உள்ள பிரம்மகிரியில் 1947-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், வெண்ணிறக் கோடுகளின் மேல் செங்காவிப் பூச்சு ஏற்றிய மட்கலங்கள் கிடைத்தன. இரும்பு ஆக்சைடு செறிந்த அக்காவிப் பூச்சு, காற்றோட்டமுள்ள சூளையில் செம்மை பெறுகிறது. அதே பூச்சு, புகை சூழ்ந்து காற்றுக் குன்றிய சூளையில் கருமையாகும். ஆகையால் நிறத்தைத் தீர்மானிப்பதில் குழம்புக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு சூளைக் காற்றுக்கும் உண்டு.

அதற்கு ஈராண்டு முன்னர், 1945-இல், புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் வீலர் நடத்திய அகழாய்வில், இத்தாலி நாட்டு அரெஸ்ஸோ நகரில் உருவான செந்நிற மட்கலங்களின் துண்டுகள் வெளிப்பட்டன. அவற்றின் மேனியில் மின்னும் பளபளப்பு கண்ணாடி மெருகினால் வந்ததன்று. மிக நுண்ணிய களிமண் துகள்களை மட்டும் பிரித்தெடுத்துப் பூசிச் சுட்டதனால் வந்தது. தட்டையான நுண்துகள்கள் பரப்போடு பரப்பாகப் படிந்து, சூட்டில் ஓரளவு உருகி ஒன்றி, ஒளியைச் சிதறடிக்காமல் திருப்பி அனுப்புகின்றன.

அத்தகைய நுண்துகள்களைப் பிரிப்பது கடினமன்று. ஒரு துகள் நீரில் இறங்கும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். 10 மைக்ரான் விட்டமுள்ள துகள் 10 சென்டிமீட்டர் ஆழம் இறங்கச் சுமார் 20 நிமிடம் ஆகிறது. 1 மைக்ரான் துகளோ அதே ஆழம் இறங்க 30 மணிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே சலவைச் சோடா சேர்த்து இளக்கிய நீர்த்த குழம்பை ஒரு நாள் அசையாமல் வைத்திருந்து, மேலுள்ள தெளிந்த நீரை அகற்றி, அடியில் தங்கிய வண்டலை விட்டுவிட்டு, நடுப்பகுதியை மட்டும் எடுத்தால் நுண்துகள் பூச்சு கிடைத்துவிடுகிறது. அதனை உலர்ந்த பானையில் மெல்லப் பூசி, வழுவழுப்பான கூழாங்கல்லால் தேய்த்து, 900 முதல் 1000 டிகிரி வரை சுட்டால் பளபளப்பு நிலைக்கும். ஈயம் கலந்த மெருகுகள் உணவுப் பாண்டங்களுக்கு ஆபத்தானவை. அவற்றின் துணையின்றியே அழகிய மேனியைப் பெறுவதற்கு இது ஒரு வழி. நீர் கசிவதை இப்பூச்சு குறைக்குமேயன்றி, கண்ணாடி மெருகைப் போல முற்றிலும் தடுக்காது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

பூச்சு உரிவதன் காரணங்கள்

களப்பணியாளரிடம் குயவர்கள் கூறும் முறையீடுகளில் முதன்மையானது, பூச்சு உரிகிறது என்பது. இதற்குப் பெரும்பாலும் சுருக்க வேறுபாடே காரணம். பானை பாதி உலர்ந்து சுருங்கிய பின் ஈரமான குழம்பைப் பூசினால், பானை சுருங்கவேண்டியது சிறிதே. பூச்சு சுருங்கவேண்டியது மிகுதி. பூச்சு இழுபட்டு வலைபோல் வெடிக்கிறது. நேர்மாறாக, பானையைவிடப் பூச்சு குறைவாகச் சுருங்கினால், அது நெருக்குண்டு விளிம்புகளிலும் கைப்பிடி மடிப்புகளிலும் செதிலாகப் பெயர்கிறது.

பரிகாரம் நோயின் குறியைப் பொறுத்தது. வலை போன்ற வெடிப்புக் காணப்படின், பூச்சில் பொடித்த குவார்ட்ஸையோ, சுட்ட மண்ணின் நுண்பொடியையோ சிறிது சேர்த்துச் சுருக்கத்தைக் குறைக்கலாம். அல்லது பானை ஈரமாக இருக்கும்போதே பூசலாம். செதிலாகப் பெயரின், பூச்சில் களித்தன்மை மிகுந்த மண்ணைக் கூட்டலாம். அல்லது பானை மேலும் சற்று உலரும் வரை காத்திருக்கலாம். கைப்பிடியை ஒட்டும்போது பானையின் அதே மண்ணைக் கரைத்த குழம்பையே பயன்படுத்த வேண்டும். ஒட்டும் இரு பரப்புகளையும் கீறிவிட்டு, இரண்டும் ஒத்த ஈரத்தில் இருக்கும்போது இணைக்க வேண்டும். ஒரு வேளையில் ஒரே மாற்றத்தை மட்டும் செய்து, ஒவ்வொரு சோதனைத் துண்டிலும் எண் கீறி, குறிப்பேட்டில் பதிவது இன்றியமையாதது. இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்தால், பலன் எதனால் வந்தது என்பது விளங்காது.

நீரும் தூசியும்

மண் மாறாதிருக்க, நீர் மாறினாலும் குழம்பு மாறும். கடின நீரில் கால்சியம், மக்னீசியம் உப்புகள் கரைந்துள்ளன. இவை துகள்களைத் திரட்டுவன என்பது மேலே கூறப்பட்டது. பெங்களூருக்கு 1890-கள் முதல் ஹெசரகட்டா ஏரியிலிருந்தும், 1933 முதல் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கத்திலிருந்தும், 1974 முதல் காவிரியிலிருந்தும் குழாய் நீர் வந்தது. இவற்றோடு ஆழ்துளைக் கிணற்று நீரும் பரவலாகப் பயன்படுகிறது. தேக்கத்து நீரில் நன்றாகப் பாய்ந்த குழம்பு, கடினமான கிணற்று நீரில் தடித்து நிற்பது இயல்பே. அந்நிலையில் மண் வாங்கிய இடத்தைக் குறை கூறுமுன், மழைநீரிலோ காய்ச்சி வடித்த நீரிலோ அதே மண்ணைக் கரைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மழைநீரைச் சேமித்துக் குழம்புக்கு மட்டும் பயன்படுத்துவது செலவற்ற பரிகாரம். ஆலைகளில் சல்பேட் உப்புகளைப் போக்கப் பேரியம் கார்பனேட் சேர்ப்பதுண்டு. அது கொடிய நஞ்சாகையால் பள்ளிகளிலும் சிறு பட்டறைகளிலும் அதனைக் கையாளலாகாது.

உடல்நலத்திற்கும் குழம்பு துணை செய்கிறது. மண், குவார்ட்ஸ் ஆகியவற்றின் உலர்ந்த தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்போருக்குச் சிலிக்கோசிஸ் எனும் நுரையீரல் நோய் உண்டாகிறது. ஒருமுறை வந்த தழும்பு நீங்குவதில்லை. ஆகவே பொடியை அரைப்பதையும் கலப்பதையும் இயன்றவரை நீருடனே செய்ய வேண்டும். சிந்திய குழம்பை உலரவிட்டுப் பெருக்காமல், ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பட்டறைக்கு அருகில் குழந்தைகள் உறங்கும் வீடுகளில் இது மேலும் முக்கியமானது.

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இவ்வுண்மைகளை ஒரு பாடவேளையில் காட்டிவிடலாம். சலித்த உலர்ந்த கயோலின் 100 கிராமும், மழைநீர் 60 மில்லிலிட்டரும் ஒரு கிண்ணத்தில் சேர்த்துப் பிசைக. கலவை கூழாகி, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் நிற்கும்படி நீரைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ அமைத்துக்கொள்க. பின்னர் நீரில் கலந்த சோடியம் சிலிகேட்டைத் துளித் துளியாக இட்டுக் கலக்குக. சில துளிகளில் கூழ் திடீரென்று பாலைப் போல் இளகி ஓடும். நீர் கூடவில்லை, மண் குறையவில்லை. வியப்பு அடங்கியதும் அதில் ஒரு கரண்டி காடியை ஊற்றுக. குழம்பு மறுபடியும் இறுகும்.

சோடியம் சிலிகேட் தோலையும் கண்ணையும் எரிக்கும் காரம் உடையது. அதனை ஆசிரியரே கையாண்டு, பின்னர் கைகளை நன்கு கழுவ வேண்டும். அது கிடைக்காத ஊர்களில் சலவைச் சோடாக் கரைசலும் ஓரளவு பயன் தரும். ஏரி மண்ணைக் கொண்டு செய்யும்போது விளைவு இவ்வளவு தெளிவாக இராது. அதில் கலந்துள்ள பிற களிக் கனிமங்களும் உப்புகளும் மக்கிய பொருள்களும் குறுக்கிடும். உள்ளூர் மண் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை மாணவர்களே கண்டறிந்து பட்டியலிடுவது நல்ல பயிற்சியாகும்.

மண் சோதனைகளுக்கு உதவும் நிலையங்கள் நாட்டில் உள்ளன. 1950-ஆம் ஆண்டு ஆகஸ்டு 26-ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கி வைக்கப்பெற்ற மத்தியக் கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சி நிலையம் இத்துறையின் தலைமை நிலையம். குர்ஜா, நரோடா ஆகிய ஊர்களில் அதன் கிளைகள் அமைந்தன. கர்நாடகத்தில் பெல்காம் மாவட்டத்துக் கானாப்பூரில் கதர் கிராமத் தொழில் ஆணைக் குழுவின் மத்தியக் கிராம மட்பாண்ட நிலையம் உள்ளது.

அங்கெல்லாம் செல்ல இயலாத குயவருக்கு, அவருடைய முற்றத்திற்கே வரும் களப்பணியாளரே நிலையமாக விளங்குகிறார். அவர் பையில் ஒரு லிட்டர் படியும், ஒரு தராசும், ஒரு குப்பி மழைநீரும், ஒரு குறிப்பேடும் இருத்தல் வேண்டும். குயவரின் விரல் அறிந்த பதத்தை முதலில் கேட்டு எழுதிக்கொண்டு, அடுத்து அதே குழம்பின் எடையைக் குறித்து, சூளை திறக்கும் நாளில் மீண்டும் வந்து விளைவை அவற்றின் எதிரே பதிந்தால், இரண்டு மூன்று சூளைகளுக்குள் அந்த ஊர் மண்ணுக்குரிய அளவுகள் தெரியவந்துவிடும். அடுத்த சூளையில் உடைந்து வீணாகும் பானைகள் குறையும். அவ்வளவு மண்ணும் விறகும் மிஞ்சும்.